தண்ணீர் திறக்கும் முன் டிராக்டர் தயாரா?

எங்கள் தேனிப் பக்கத்துச் சோத்துப்பாறை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்ற சேதி வந்ததும் ஜெயமங்கலத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். பெரும்பாலும் அது அக்டோபர் நடுவில் இருக்கும். வராக நதி வாய்க்காலில் தண்ணீர் ஏறி, வயல் நனைந்து, நாற்று தயாராகி நிற்கும்போது போன் ஓயாமல் அடிக்கும். அந்த வாரத்தில் மூன்று நாள் படுத்துவிட்ட வண்டி அந்த வருடத்து லாபத்தையே தின்றுவிடும். பழைய டிராக்டர் வாங்கி வாடகை உழவில் பிழைக்க நினைக்கிறவர்கள் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பணம் கைக்கு வருவது ஐப்பசியில், அதற்கான வேலை நடப்பது ஆவணியிலும் புரட்டாசியிலும்.

எந்த வண்டி? நம் பக்கத்து மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய வண்டி. மாஸி ஃபெர்குசன் 1035, மஹிந்திரா பி-275 போன்றவற்றை நான் சொல்வது பழம்பெருமைக்காக அல்ல. 1960-இல் தொடங்கிய சென்னை டாஃபே நிறுவனமும், 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டரில் இறங்கிய மஹிந்திராவும் பல பத்தாண்டுகளாக வயலில் இறக்கிவிட்ட வண்டிகள் ஏராளம். அதனால்தான் உதிரிபாகம் பக்கத்து டவுனிலேயே கிடைக்கிறது. அபூர்வமான மாடல் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். ஒரு ஆயில் சீலுக்காக ஒரு வாரம் காத்திருந்தால் அந்தப் பாதி விலை அங்கேயே போய்விடும்.

பார்க்கப் போகும்போது விடியற்காலையில் போங்கள், அதுவும் சொல்லாமல் போங்கள். நான் முதல் வண்டியை நல்ல மத்தியானத்தில் பார்த்தேன். எஞ்சினை ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தார்கள். தொட்டவுடன் ஸ்டார்ட் ஆனது, புதுப் பெயிண்ட் மின்னியது. மறுநாள் காலைக் குளிரில் அதே எஞ்சின் அரை மணி நேரம் திணறியது. அதிலிருந்து முதல் வேலையாக சைலன்சரைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது, ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் இன்ஜெக்டரையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படுங்கள். சுமை இல்லாமலே கரும்புகை தள்ளினால் ஏர் கிளீனரும் நாசிலும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். குபுகுபுவென்று புகை கிளம்பினால் எஞ்சின் வேலைக்கு ஒரு தொகையை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

எஞ்சினைவிட நான் அதிக நேரம் நிற்பது ஹைட்ராலிக் பக்கம். ஹாரி ஃபெர்குசன் 1936-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சின்ன டிராக்டர், மூன்று கைகளில் கலப்பையைப் பிடித்து, மண்ணின் இழுவைக்கேற்ப ஹைட்ராலிக் பலத்தில் தானே ஏற்றி இறக்கியது. கலப்பையின் பாரமும் பின் சக்கரத்தின் மேல் விழுந்ததால் லேசான வண்டிகூட வழுக்காமல் இழுத்தது. நாம் வாங்கும் பழைய வண்டி அந்த யோசனையில்தான் ஓடுகிறது, ஹைட்ராலிக் கெட்டால் உழவே இல்லை. ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். நல்ல லிஃப்ட் அப்படியே நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் கலப்பை தரையைத் தொட்டால் உள்ளே ஓ-ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. கலப்பையோடு வயலில் இழுக்கவிட்டு, கியர் தானாக வெளியே துள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி. புத்தகம் பற்றிச் சுருக்கமாக. கடன் அடைத்துவிட்டோம் என்ற வாய்ச்சொல் போதாது, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எதுவரை என்று பாருங்கள். புதுப்பிப்பு 5 வருடத்துக்கு. விவசாய வண்டியாகப் பதிவான டிராக்டரில் வாடகைக்குச் செங்கல், மணல் அடிப்பதை நம்பி வருமானக் கணக்குப் போடாதீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிட்டுவிடலாம்.

இனி வேலை. நெல் வயலில் தொழி அடிக்கிற வண்டிக்கு எதிரி சேற்றுத் தண்ணீர். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டி முழங்கால் சேற்றில் நாள் முழுக்க சுற்றும்போது, பின் ஆக்ஸில் சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. ராத்திரி வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆக்ஸில் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், ராத்திரியில் அடியில் இறங்கியிருக்கும். கையில் விழும் முதல் சொட்டு தெளிந்த தண்ணீராக இருந்தால் சீல் போய்விட்டது. பாலும் காபியும் கலந்த நிறத்தில் ஆயில் வந்தால் அதோடேயே பல நாள் ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முழுவதையும் வடித்து மாற்றுங்கள். சீலின் விலை சொற்பம். அதை விட்டால் அடுத்துப் போவது பேரிங், அதற்கடுத்து கிரவுன் பினியன்.

வயலில் ஆளை நிறுத்திவைக்கிற இன்னொன்று, டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும் ஏர் லாக். டீசல் தீர்ந்துபோய் வண்டி நின்றால் மெக்கானிக்கை எதிர்பார்த்து வரப்பில் உட்காராதீர்கள். டேங்கில் டீசல் ஊற்றி, ஃபில்டர் தலையில் இருக்கும் பிளீடிங் போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு சோப்புத் தண்ணீர் போலக் குமிழி, கடைசியில் குமிழியே இல்லாத டீசல். அப்போது முடுக்குங்கள். அடுத்தது இன்ஜெக்‌ஷன் பம்பு, அதன்பின் இன்ஜெக்டர் நட்டு. டேங்கிலிருந்து எஞ்சின் நோக்கி, இந்த வரிசையை மாற்றக்கூடாது. இன்ஜெக்டர் பீச்சும் இடத்துக்கு நேராகக் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் புகுந்துவிடும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

புழுதி உழவுக்காலத்தில் ஆயில் பாத் ஏர் கிளீனரை தினமும் கழற்றிக் கிண்ணத்தைத் துடைத்து, கோடு வரை மட்டும் ஆயில் ஊற்றுங்கள். எஞ்சின் ஆயிலுக்கு வண்டியின் கையேடு சொல்லும் மணிக்கணக்கே சட்டம். மீட்டர் ஓடாத வண்டியா? டீசல் போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதினாலே உத்தேச மணிக்கணக்கு கிடைத்துவிடும். அந்த நோட்டிலேயே கழற்றிய பாகம், தேதி, விலை எல்லாம் ஏறட்டும்.

கலப்பை மாட்டும்போது முதலில் இடது கை, பிறகு ஏற்றி இறக்கும் வசதியுள்ள வலது கை, கடைசியில் டாப் லிங்க். டாப் லிங்கைக் குறுக்கினால் கொழு மூக்கைக் குத்தி ஆழமாக இறங்கும். நீட்டினால் மேலே மிதக்கும். இருபுறமும் முனை உள்ள கொழு ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடுங்கள். ரொட்டவேட்டரில் புது பிளேடு போட்ட நாளில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். எஞ்சினின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் கிராஸ் பேரிங்குக்கு வேலை நாளெல்லாம் கிரீஸ்.

வேலையை முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் என்றே ஒரு வருடப் பிரிவு உண்டு. எந்த ஊரில் நடக்கிறது என்று சேர்க்கை நேரத்தில் விசாரியுங்கள். ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால் பெரியகுளத்திலோ தேனியிலோ ஒரு பட்டறையில் ஆறு மாதம் ஸ்பானர் எடுத்துக் கொடுங்கள். “கழட்டின வரிசையிலயே துணி மேல வை தம்பி, மாட்டும்போது அதுவே சொல்லித் தரும்” என்று எனக்கு ஒரு மேஸ்திரி சொன்னார். அந்தத் துணியை இன்றும் வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் பாதுகாப்பு. பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று. நொடிக்கு 9 சுற்று. துண்டின் நுனியோ சேலைத் தலைப்போ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. மூடி இல்லாத ஷாஃப்ட்டோடு வயலில் இறங்கவே கூடாது. தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் படுக்கவும் கூடாது. கூட வரும் பையனுக்கு கியர், கிளட்ச் எல்லாம் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். எஞ்சினை நிறுத்தும் இழுப்பு எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே அவன் கையைப் பிடித்துக் காட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அதை இழுக்கத் தெரிந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள்.