இணையதளம் அமைக்க மாதச் சந்தாவா, மொத்தத் தொகையா?

மஞ்சள்தூள், மரச்செக்கு எண்ணெய், பாரம்பரிய அரிசி, நாட்டுச்சர்க்கரை ஆகியவற்றை உழவர்களே தரம் பிரித்து, உறையிலிட்டு, நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் முறை பரவி வருகிறது. 2002ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி ஒன்றைத் தொடங்க முடிகிறது. இப்படி விற்பனையில் இறங்கியவர்கள் பயிற்சி வகுப்புகளுக்கு வரும்போது, உர அளவையும் பூச்சி மருந்தையும் கேட்டு முடித்த பிறகு வேறொரு கேள்வியையும் கேட்கிறார்கள். "இணையதளம் அமைத்துத் தருகிறோம் என்று டவுனிலிருந்து வந்தார்கள். ஒருவர் மொத்தமாக 40 ஆயிரம் என்கிறார். இன்னொருவர் முன்பணமே வேண்டாம், மாதம் 2 ஆயிரம் கொடுத்தால் போதும் என்கிறார். எதை எடுப்பது?"

உழவியல் கற்பிப்பவனிடம் கேட்கிற கேள்வியல்ல இது. ஆனாலும் இரண்டு மூன்று குழுக்களின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்ததில், நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதா, கிரயம் செய்வதா என்று ஆராயத் தெரிந்த உழவருக்கு இதுவும் எளிதில் விளங்கும் என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு குழுவின் அனுபவம்

எனக்குத் தெரிந்த மஞ்சள் உற்பத்தியாளர் குழு ஒன்று மாதச் சந்தா முறையில் இணையதளம் வைத்திருந்தது. இரண்டு ஆண்டுகள் தவறாமல் பணம் கட்டினார்கள். தளத்தின் முகவரியை அச்சிட்டு 5,000 உறைகளும் வாங்கி வைத்தார்கள். அந்த ஆண்டு மஞ்சள் விலை சரிந்தது. மூன்று மாதச் சந்தா நிலுவையில் நின்றது. நான்காம் மாதம் தளம் நின்றுபோனது.

தளம் நின்றது பெரிய இழப்பு இல்லை. நிலுவையைக் கட்டியிருந்தால் மறுநாளே ஓடியிருக்கும். ஆனால் குழு வேறொரு நிறுவனத்திடம் போக விரும்பியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தளத்தின் பெயர் குழுவின் பெயரில் பதிவாகவில்லை; அமைத்துத் தந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. பெயரை மாற்றித் தர அவர்கள் கேட்ட தொகை குழுவின் சக்திக்கு மீறியது. ஒப்பந்தம் என்று தேடிப் பார்த்தால் வாட்ஸ்ஆப்பில் வந்த நான்கு வரிச் செய்தியும் ஒரு விலைப்பட்டியலும்தான் இருந்தன. பெயர் யாருக்கு என்று அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. நிறுவனத்தை மட்டும் குறை சொல்லவும் வழியில்லை. பணம் கட்டிய காலத்தில் சொன்ன வேலையை அவர்கள் செய்தே வந்தார்கள். முடிவில் குழுவினர் வேறு பெயரில் புதுத் தளம் தொடங்கி, மீதமிருந்த உறைகளில் பழைய முகவரியின் மேல் காகிதம் ஒட்டி விற்றனர். முன்பே வாங்கிப் போன வாடிக்கையாளர்களின் வீட்டு உறைகளில் பழைய முகவரிதானே இருக்கும்!

ஆகவே, மாதமா மொத்தமா என்று கேட்பதற்கு முன், பணம் கொடுப்பதை நிறுத்தும் நாளில் நம் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்க வேண்டும்.

தளத்தின் உறுப்புகள்

இணையதளம் என்பது ஒரே பொருளன்று. முதலாவது, டொமைன் எனப்படும் தளப்பெயர். இது பட்டாவைப் போன்றது. ஆனால் பட்டாவைப் போல் நிலையானதன்று. கட்டணம் கட்டிப் புதுப்பித்து வர வேண்டும். ஒரே தடவையில் அதிகம் போனால் பத்து ஆண்டுகளுக்குப் பதியலாம். டாட் இன் என்று முடியும் பெயர்களை நிக்சி எனப்படும் இந்தியத் தேசிய இணைய இணைப்பகம் நிர்வகிக்கிறது. அதன் ஏற்பு பெற்ற பதிவு நிறுவனங்கள் மூலம் எவரும் பெயர் பதிந்துகொள்ளலாம். டாட் காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறினால், பதிவு நிறுவனம் தரும் அவகாசம் முடிந்து பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாட்கள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்க இடமுண்டு. அதுவும் கடந்தால் சில நாட்களில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஹோஸ்டிங் எனப்படும் இடவாடகை. இது கிட்டங்கி வாடகை போன்றது. ஒரு கிட்டங்கி பிடிக்கவில்லையென்றால் மூட்டைகளை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது, தளத்தை வடிவமைத்துக் கட்டும் வேலை. நான்காவது பராமரிப்பு: விலை மாற்றுவது, புதுப் படம் ஏற்றுவது, பழுது பார்ப்பது.

மொத்தத் தொகை பேசுவோர் பெரும்பாலும் மூன்றாவது வேலைக்கே விலை சொல்கிறார்கள். சந்தாக்காரர் நான்கையும் ஒரே கட்டாகக் கட்டித் தருகிறார். ஆழ்குழாய்க் கிணறு போடும்போது அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, கேசிங் குழாய்க்குத் தனிக் கணக்கு நீட்டும்போது திகைத்தவர்கள் நம்மில் பலர் உண்டு. இங்கும் அப்படித்தான். எது சேரும், எது சேராது என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே இரண்டு விலைகளையும் ஒப்பிட முடியும். இடையில் ஒரு சிறு எச்சரிக்கை: தளத்தின் பாதுகாப்பைக் காட்டும் சான்றிதழுக்கென்று ஆண்டுதோறும் தனித்தொகை கேட்டால், ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015ஆம் ஆண்டிலிருந்து இச்சான்றிதழை எவருக்கும் இலவசமாகவே வழங்கி வருகிறது.

மூன்றாண்டுக் கணக்கு

கணக்கு விளங்குவதற்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் சொல்லப்படும் விலை இவற்றினின்று மாறுபடலாம். அந்தத் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளம் கட்ட மொத்தத் தொகை ரூ.40,000. பெயருக்கும் இடத்துக்கும் ஆண்டுக்கு ரூ.5,000. மூன்று ஆண்டுகளில் ஆகும் செலவு ரூ.55,000. சந்தா மாதம் ரூ.2,000 என்றால் அதே மூன்று ஆண்டுகளில் ரூ.72,000. வித்தியாசம் ரூ.17,000.

இதைப் பார்த்ததும் மொத்தத் தொகையே மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தளத்தில் ஒவ்வொரு முறை திருத்தம் செய்யவும் ரூ.500 கூலி என்று வைத்துக்கொள்வோம். சந்தாக்காரர் அதைத் தன் சந்தாவுக்குள்ளேயே செய்து தருகிறார். அப்படியானால் 34 திருத்தங்களில் அந்த ரூ.17,000 தீர்ந்துவிடும். அதாவது, மாதம் ஒரு முறைக்கும் குறைவாகத் திருத்தம் வரும் தளத்துக்கு மொத்தத் தொகை நல்லது. அதற்கு மேல் வந்தால் சந்தா நல்லது. காய்கறிக் குழு ஒன்று வாரந்தோறும் விலையை மாற்றினால் மூன்று ஆண்டுகளில் 156 திருத்தங்கள். கூலி மட்டும் ரூ.78,000. அத்தகைய குழுவுக்குச் சந்தாவே சிக்கனம். மஞ்சள், புளி, அரிசி விற்போருக்கு ஆண்டில் ஐந்தாறு திருத்தங்களுக்கு மேல் தேவைப்படுவது அரிது.

இதில் இன்னொன்றும் உண்டு. வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு கட்டிய தளத்தில், குழுவிலுள்ள படித்த இளைஞரோ இளம்பெண்ணோ விலையையும் படத்தையும் தாமே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு நாள் பயிற்சியே போதுமானது. மொத்தத் தொகை பேசும்போதே இந்தப் பயிற்சியையும் சேர்த்துப் பேசிவிட்டால் திருத்தக் கூலி என்ற இனமே எழாது.

முதல் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. மொத்தத் தொகையில் ரூ.45,000 போய்விடுகிறது, சந்தாவில் ரூ.24,000 மட்டுமே. இரண்டு ஆண்டு முடிவில் ரூ.50,000, ரூ.48,000 என்று ஏறத்தாழச் சமமாகிறது. நம் சரக்கு இணையம் வழியாக விற்குமா என்றே தெரியாத குழு, கடன் வாங்கி மொத்தத் தொகை கட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. புது ரக விதையை முதலில் அரை ஏக்கரில் போட்டுப் பார்ப்பது போல, ஓராண்டு சந்தாவில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பிற்பாடு தளத்தை விலைக்கு எடுத்துக்கொள்வதானால் என்ன தொகை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். விற்பனை சூடு பிடித்த பிறகு கேட்டால் விலையும் சூடாகத்தான் இருக்கும்.

ஜி.எஸ்.டி. வரியும் நினைவில் இருக்கட்டும். இவ்வகைச் சேவைகளுக்கு வரி 18 சதவீதம். ரூ.40,000 என்று சொன்னது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதில் மட்டும் ரூ.7,200 வித்தியாசம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு நிறுவனம் இவ்வரியை வசூலிக்கக் கூடாது.

பருவமும் பணமும்

சந்தா முறையின் இடர்ப்பாடு, அது மாதச் சம்பளக்காரருக்கு ஏற்றதாக வகுக்கப்பட்டிருப்பதுதான். நமக்கு வரவு மாதாமாதம் வருவதில்லை. மஞ்சள் தை முதல் பங்குனிக்குள் அறுவடையாகி, வேகவைத்து, காய்ந்து, விலைபோன பிறகே கையில் பணம் புரளும். ஐப்பசியில் சந்தா கட்டச் சொன்னால் எங்கே போவது? ஆகவே சந்தா எடுப்போர், மாதத் தவணைக்குப் பதிலாக விற்பனைப் பருவத்தையொட்டி ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ கட்டும்படி பேசிக்கொள்வது நலம். மொத்தமாகக் கட்டுவோருக்குத் தள்ளுபடியும் கேட்கலாம். மாம்பழம் விற்போருக்கு ஆண்டில் நான்கு மாதமே வியாபாரம். மீதி எட்டு மாதமும் முழுச் சந்தா கட்டுவானேன்? பருவமில்லாத காலத்தில் தளத்தை ஒரே பக்கமாகச் சுருக்கி, குறைந்த கட்டணத்தில் வைத்திருக்க இசைவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மொத்தத் தொகையிலும் முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டியதில்லை. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மாதிரி பார்த்த பிறகு ஒரு பங்கு, எல்லாச் சாவிகளும் நம் கைக்கு வந்த பிறகு கடைசிப் பங்கு என்று பிரித்துக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயமானது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

சாவி என்று சொன்னது பாஸ்வேர்டுகளை. தளப்பெயரைப் பதிவு செய்த கணக்கு, இடவாடகைக் கணக்கு, தளத்தின் நிர்வாகக் கணக்கு ஆகிய மூன்றும் குழுவின் மின்னஞ்சலில் இருத்தல் வேண்டும். தலைவரின் மகனுடைய மின்னஞ்சலில் இருந்தால் போதாது. தலைவர் மாறினால் அதுவும் வம்பாகும். எந்த முறையை எடுத்தாலும் பெயரை மட்டும் நீங்களே முதலில் பதிந்துகொண்டு, பிறகு நிறுவனத்தை அழையுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்குச் சில நூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை ஆகும் இந்தச் செலவை மிச்சப்படுத்தப் போய்த்தான் மேலே சொன்ன மஞ்சள் குழு 5,000 உறைகளில் அச்சிட்ட பெயரை இழந்தது.

அடுத்தது உரிமை. பணம் கொடுத்துவிட்டால் தளம் நம்முடையது என்றே எல்லோரும் எண்ணுகிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாத வெளியாள் எழுதிய கணினி நிரலின் உரிமை, அவர் கையொப்பமிட்டு எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, பொதுவாக அவரிடமே தங்கும். மாற்றித் தந்தாலும் எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும் என்பது அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு. எனவே மொத்தத் தொகைக்கு எடுப்போர், "முழு உரிமையும் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் மாற்றித் தரப்படுகிறது" என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும். சந்தாக்காரர் இதற்கு இசைய மாட்டார். இசைய வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. நாம் விலகும் நாளில் சரக்குப் பட்டியல், படங்கள், வாடிக்கையாளர் பெயர் முகவரிகள் ஆகியவற்றை எத்தனை நாளில், எந்த வடிவில் தருவார் என்பதே அது. வாடிக்கையாளர் பட்டியலை விலகும் நாள்வரை விட்டுவைக்காமல், பருவத்துக்கு ஒருமுறை இறக்கிக் குழுவின் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைப் பணமும் நிறுவனத்தின் கணக்குக்குப் போய்த் திரும்பாமல், குழுவின் வங்கிக் கணக்கில் வந்து சேரும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் இணையதளம் தேவையா என்றும் கேட்க வேண்டும். ஒன்றிரண்டு ஏக்கர் சரக்கை ஐம்பது நூறு குடும்பங்களுக்கு விற்பவருக்கு வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் உள்ள சரக்குப் பட்டியலும் யு.பி.ஐ. அட்டையும் போதும். இரண்டுக்கும் சந்தா கிடையாது. உறையில் தொலைபேசி எண் இருந்தால் சரி.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். தளப்பெயரைப் பதிவு செய்த கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கி, உள்ளே நுழைந்து, உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது, எந்தத் தேதியோடு காலம் முடிகிறது என்று பாருங்கள். வேறு பெயர் இருந்தால், அடுத்த தவணை கட்டுவதற்கு முன் மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். புது உறைக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுப்பது அதன் பிறகு ஆகட்டும்.