கண்ணுக்கு எட்டும், கைக்கு எட்டாத நிலம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

முன்னுரை

நிலம் எது என்று கேட்டால் உழவர் வயலைக் காட்டுவார். மீனவர் வலை உலர்த்தும் மணலைக் காட்டுவார். நம் மாமல்லபுரத்துச் சிற்பியோ கல்லை இறக்கி வைத்துச் செதுக்கும் கொட்டகையைக் காட்டுவார். ஆனால் கால் படாத, மழை பெய்யாத நிலம் ஒன்றும் இன்று விற்பனைக்கு வந்துள்ளது. கணிப்பொறிக்குள் அமைத்த கற்பனை உலகின் நிலமே அது. அதனை மெய்நிகர் உலகம் என்று அழைக்கின்றனர்.

இஃது எங்கோ அயல்நாட்டில் நடக்கும் விந்தை என்று எண்ண வேண்டா. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் மணமுடித்த தம்பதியர் தம் திருமண வரவேற்பை இத்தகைய உலகில்தான் நடத்தினர். மணமகளின் மறைந்த தந்தையின் உருவமும் அங்கே தோன்றியது. அந்த உலகின் நிலத்துக்கு விலை எவ்வாறு வருகிறது? அதில் இன்னது செய்யலாம், இன்னது செய்யலாகாது என்று வரையறுப்பவர் யார்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

நம் ஊர் தரும் பாடம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்கும் முறை. ஆகவே முதலில் நம் ஊர் மண்ணையே எடுத்துக்கொள்வோம்.

பல்லவர் கால மாமல்லபுரச் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நாட்டின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1992ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று வந்தது. அதன்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இதனை மேலும் உறுதியாக்கியது. தடைப் பகுதியில் புதுக் கட்டடம் எழுப்ப இயலாது. பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். இதனுடன் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் உண்டு.

ஒரே அளவுள்ள இரண்டு மனைகளில் ஒன்றில் மாடி கட்டலாம், மற்றொன்றில் கட்டலாகாது எனில் இரண்டும் ஒரே விலைக்குப் போகுமா? போகா. ஆகவே நாம் விலை கொடுப்பது மண்ணுக்கு மட்டுமன்று. அம்மண்ணில் நாம் செய்யக்கூடியவற்றுக்கும் சேர்த்தே என்பது புலனாகும்.

மெய்நிகர் நிலத்தின் அளவும் வாடகையும்

அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ‘செகண்ட் லைஃப்’ என்னும் உலகைத் திறந்தது. அதில் ஒரு முழு நிலப்பகுதி 256 மீட்டர் பக்கமுள்ள சதுரம். பரப்பு 65,536 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 16 ஏக்கர். 2008இல் அதற்கு மாதம் 295 டாலர் செலுத்த வேண்டியிருந்தது.

கற்பனை நிலத்துக்கு மாத வாடகை ஏன் என்று தோழியர் வினவலாம். அந்த நிலம் ஒரு கணிப்பொறியின் உழைப்பு. மின்சாரமும் பராமரிப்பும் இன்றி அது ஒரு கணமும் நிலைக்காது. அங்குள்ள ஒவ்வொரு பொருளும் கணிப்பொறிக்குச் சுமையே. எனவே ஒரு முழுப் பகுதியில் அப்போது 15,000 அடிப்படை வடிவங்களே வைக்கலாம் என வரம்பு இருந்தது. நாற்காலியின் கால் ஒரு வடிவம், இருக்கை மற்றொரு வடிவம் என எண்ணிக்கொள்க. நம் ஊரில் மீட்டர்க் கணக்கு. அங்கே வடிவக் கணக்கு.

2020இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ‘டிசென்ட்ராலேண்ட்’ உலகில் ஒரு மனை 16 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அது நம் வழக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்று மேல். ஒற்றை மனையில் 20 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது. 10,000 முக்கோணங்களுக்கு மேல் கூடாது. கணிப்பொறி உருவங்களை முக்கோணங்களால் ஆக்குவதால் இந்தக் கணக்கு. கணித வகுப்பில் நாம் வரையும் முக்கோணம் அங்கே செங்கல் ஆகிறது! 2021 நவம்பரில் அங்கே 116 மனைகள் சேர்ந்த ஓரிடம் ஏறத்தாழ 24 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அடுத்த ஆண்டே இத்தகைய நிலங்களின் விலை வெகுவாகச் சரிந்தது.

2008இல் எழுந்த சச்சரவு

செகண்ட் லைஃபில் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ என்னும் மலிவான நிலமும் இருந்தது. ஒரு முழுப் பகுதி பயன்படுத்தும் கணிப்பொறித் திறனை நான்கு ஓப்பன் ஸ்பேஸ்கள் பங்கிட்டுக்கொண்டன. ஆகவே வடிவங்கள் 3,750. மாத வாடகை 75 டாலர். இரண்டும் முழுப் பகுதியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்பதைக் காண்க.

அந்த நிலம் கடல், காடு போன்ற வெறும் காட்சிக்கென விற்கப்பட்டது. ஆனால் மக்கள் அங்கே வீடும் கடையும் கட்டினர். பிறருக்கு உள்வாடகைக்கும் விட்டனர். ஒருவர் நிலத்தில் கூட்டம் கூடினால், அதே கணிப்பொறியைப் பங்கிட்ட மற்ற மூவரின் நிலமும் தடுமாறும். 2008 அக்டோபரில் நிறுவனம் வாடகையை 75 டாலரிலிருந்து 125 டாலராக உயர்த்தப்போவதாக அறிவித்தது. வாங்கியோர் கொதித்தெழுந்தனர்.

அடுத்த மாதமே நிறுவனம் திட்டத்தை மாற்றி நிலத்தை இரு வகையாகப் பிரித்தது. ‘ஹோம்ஸ்டெட்’ வகையில் 3,750 வடிவங்கள், 20 பேர்; வாடகை 2009 ஜனவரியில் 95 டாலர், ஜூலையில் 125 டாலர் என்றது. ஓப்பன் ஸ்பேஸில் 750 வடிவங்கள், 10 பேர்; வாடகை பழைய 75 டாலரே.

இதில் யார் பக்கம் நியாயம்? அண்டை நிலத்தாரின் நலம் காக்க வரம்பு தேவை என்பது உண்மை. ஆனால் அந்த வரம்பை விற்கும்போதே கண்டிப்பாக விதித்திருந்தால் வாங்குவோர் அதற்கேற்பத் திட்டமிட்டிருப்பர். விற்றபின் விதியையும் விலையையும் மாற்றினால் சேமிப்பைப் போட்டவர் திகைத்து நிற்கிறார்.

சட்டம் இயற்றுபவர் யார்?

இங்கேதான் இரு நிலங்களுக்கும் உள்ள பெரிய வேற்றுமை தெரிகிறது. நம் ஊர் வரம்புகள் அரசிதழில் வெளியாகின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிறது. பட்டா உண்டு, வில்லங்கச் சான்று உண்டு. கோயிலருகே வாழும் குடும்பம் பெருகி இடம் போதாமல் தவிக்கையில் 100 மீட்டர் விதி கடுமையாகவே தோன்றும். எனினும் அவர்கள் மனுச் செய்யலாம், நீதிமன்றம் செல்லலாம், வாக்களித்த பிரதிநிதியைக் கேள்வி கேட்கலாம்.

மெய்நிகர் உலகிலோ பெரும்பாலும் நிலத்தை விற்பவரே சட்டத்தையும் இயற்றுகிறார். தம் கணக்கும் நிலமும் முடக்கப்பட்டதாக ஒரு வழக்கறிஞர் லிண்டன் லேப் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார். நடுவர் தீர்ப்புக்கே செல்லவேண்டும் என்ற நிறுவனத்தின் ஒப்பந்த விதி ஒருதலையானது என 2007 மே மாதம் நீதிமன்றம் கூறி, அதனை ஏற்க மறுத்தது. பின்னர் அவ்வாண்டே இருதரப்பும் சமரசமாயினர். படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்தும் ஒப்பந்தத்தில் எவ்வளவு அடங்கியுள்ளது என்பதற்கு இவ்வழக்கே சான்று.

முடிவுரை

வரம்பு தீயதன்று. அன்று கடற்கரைக் கோயிலைச் சுற்றி மனம்போனபடி மாளிகைகள் எழுந்திருந்தால் இன்று உலகம் நம் ஊரைத் தேடி வருமா? பலர் பகிர்ந்து வாழும் இடத்தில் எல்லை இருந்தே தீரவேண்டும். ஆனால் அது வாங்குவோர்க்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். அதனை எதிர்த்து முறையிட வழியும் வேண்டும்.

எதிர்காலத்தில் நம்மில் பலர் இத்தகைய நிலத்தை வாங்கவோ உருவாக்கவோ கூடும். வாங்குவோர் விலையைக் கேட்குமுன் மூன்று கேள்விகள் கேட்போமாக: இதில் என்ன செய்யலாகாது? இந்த விதியை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? மாற்றினால் நான் யாரிடம் முறையிடுவது? உருவாக்குவோர் இம்மூன்றுக்கும் விடையை நிலத்தை விற்குமுன்பே எழுதி வைப்போமாக!