அரபு ஊர்ப்பெயரைப் பிரித்துப் படிக்க: முழுமையான வழிகாட்டி

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளில் ஜெபல் அலி, ராஸ் அல் கைமா எல்லாம் பக்கத்து ஊர்ப்பெயர் போலப் புழங்கும். பொருள் கேட்டால்தான் பதில் வராது. அரபு எழுத்து தெரிய வேண்டியதில்லை. ஏழெட்டுச் சொற்கள் கைவசம் இருந்தால் போதும்.

படி 1: 'அல்' என்பதை ஒதுக்குங்கள்

'அல்' வெறும் சுட்டு. சில எழுத்துகளுக்கு முன் 'அஷ்', 'அர்' என்று மாறி ஒலிக்கும், குழம்ப வேண்டாம்.

படி 2: முதல் சொல்லைப் பிடியுங்கள்

பரங்கிமலையில் மலை கடைசியில் வரும். அரபியில் அது முன்னால் நிற்கும். ஜெபல் என்றால் மலை (எகிப்தியர் வாயில் 'கெபல்'). ஜெபல் அலி, அலியின் மலை. நேரில் பார்த்தால் சின்னக் குன்றுதான்! பிர் கிணறு, தெல் மண்மேடு, கோர் கடற்கழி. ஜஸீரா தீவு, அதன் பன்மையே அல்ஜீரியாவின் அரபுப் பெயரான அல்-ஜஸாயிர்.

படி 3: உடலுறுப்புகளைத் தேடுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. ராஸ் என்றால் தலை. நிலத்தில் அது கடலுக்குள் நீளும் முனை. ராஸ் அல் கைமா, கூடார முனை. அய்ன் என்றால் கண், நீரூற்றும் அதுவே. ஊற்றுக்கண் என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜெபல் ஹஃபீத் அடிவாரத்தில், பேரீச்சந்தோப்புகளோடு இருக்கும் அல் அய்ன் நகரம் அப்படிப் பெயர் பெற்றதுதான்.

படி 4: ஐரோப்பாவில் சோதித்துப் பாருங்கள்

711-இல் தளபதி தாரிக் இப்னு ஸியாத் படையோடு கடல் கடந்து இறங்கிய பாறை ஜபல் தாரிக். தேய்ந்து தேய்ந்து ஜிப்ரால்டர் ஆயிற்று. வாதி என்பது பள்ளத்தாக்கு. அரேபியாவில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும், மழை பெய்தால் திடீரென வெள்ளம் புரளும். அதே சொல் ஸ்பெயினில் வற்றாத ஆற்றுக்கும் பெயரானது: அல்-வாதி அல்-கபீர், பெரிய ஆறு, இன்றைய குவாதல்கிவிர்.

படி 5: ஏமாறாதீர்கள்

பஹ்ரைனின் கடைசியில் கேட்பது ஊற்றைக் குறிக்கும் 'அய்ன்' அல்ல. அது இருமை விகுதி. பஹ்ர் கடல், பஹ்ரைன் இரு கடல். சிசிலியின் எட்னா எரிமலைக்கு மோஞ்சிபெல்லோ என்றும் பெயர். லத்தீன் மலையும் அரபு மலையும் ஒட்டிக்கொண்டு 'மலைமலை' ஆகிவிட்டது. சஹாரா என்றாலே பாலைவனங்கள். நாம் பின்னால் இன்னொரு பாலைவனம் சேர்க்கிறோம். நம்மூர் 'நடு சென்டர்' மாதிரி.