மகாபொல யாருக்கு? தகைமையை விளங்கிக் கொள்வோம்

இலவசக் கல்வி என்றால் செலவே இல்லாத கல்வி என்று எம்மில் பலர் நினைக்கிறோம். 1945 இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் கிடைத்த இலவசக் கல்வியால் அரச பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, பிரதி எடுக்கும் செலவு எல்லாம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். "இடம் கிடைச்சாலும் அனுப்ப வசதியில்ல" என்ற பேச்சு எமது ஊர்களில் பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் எழுகிறது. ஆகவே உதவி என்ன இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்பதை உயர்தரம் எழுதுமுன்னரே நாம் அறிந்திருக்க வேண்டும்.

மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது வர்த்தக, கப்பற்றுறை அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி. பின்னாளில் எமது ஒலுவிலுக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தையும் துறைமுகத் திட்டத்தையும் கொண்டுவரப் பாடுபட்ட மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களும் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரே. கப்பலுக்குப் பொறுப்பானவர்கள் கல்விக்கும் வழிவிட்டார்கள் என்பது எமக்குப் பெருமையான ஒற்றுமை.

மகாபொலவில் திறமை, சாதாரணம் என இரு வகைகள் உண்டு. முதலாவது பெறுபேற்றை அடிப்படையாகக் கொண்டது. இரண்டாவதில் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். மகாபொல கிடைக்காத குறைந்த வருமான மாணவர்களுக்கு உதவு நிதி எனும் இன்னொரு கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதக் கொடுப்பனவு 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாவதும் நிதியுதவிக்குத் தகைமை பெறுவதும் ஒன்றல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலை நினைத்தால் இது விளங்கும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய எல்லோரும் சித்தியடைந்தவர்களே. ஆனால் மாதாந்தப் பணம் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டுமே கிடைக்கும்.

அப்படியானால் வருமானம் என்பது எது? வாப்பா அரச ஊழியர் என்றால் சம்பளப் பத்திரம் பதில் சொல்லிவிடும். கடலுக்குப் போகும் வாப்பாவுக்குச் சம்பளப் பத்திரம் ஏது? பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த எல்லை வருடத்துக்கு 500,000 ரூபாய். அதை வைத்து ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம்.

ஒருமுறை பிடித்த மீன் 95,000 ரூபாய்க்கு விலைபோகிறது. எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு 50,000. மிஞ்சுவது 45,000. படகுக்காரருக்குப் பாதி போக 22,500. அதை நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 5,625. மாதம் எட்டு முறை போனால் 45,000 ரூபாய். இதை 12 ஆல் பெருக்கினால் 540,000, எல்லையைத் தாண்டிவிட்டது! ஆனால் மாரியில் கடல் கொந்தளிக்கும் மூன்று மாதம் தொழில் இல்லை என்றால் 45,000 x 9 = 405,000 தான். நல்ல மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்ன ஒரு வார்த்தையால் உரிமையான உதவி கைநழுவக்கூடும்.

ஆகவே மீன் விற்ற காசு வேறு, வீட்டுக்கு வந்த வருமானம் வேறு என்பதை உணர்ந்து, ஒரு கொப்பியில் மாத வாரியாக எழுதி வைப்பது நல்லது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் வருமானத்தை உறுதிப்படுத்தப் போகும்போது அந்தக் கொப்பி கைகொடுக்கும். தொழில் இல்லாத மாதங்களையும் அதில் குறியுங்கள். அதேபோல உம்மாவின் தையல் வருமானத்தையோ வாடகை வருமானத்தையோ மறைக்கக் கூடாது. பொய்க் கணக்குக் காட்டி எடுக்கும் உதவி, எம்மைவிடக் கஷ்டப்படும் இன்னொரு சகோதரியின் ஹக்.

மேலும் இரண்டு விடயங்கள். ஒன்று, நிதியுதவி தானாக வராது. உரிய திகதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வெட்டுப்புள்ளிக்காக மட்டும் புரட்டாமல், அந்த வருட வருமான எல்லையையும் வாசியுங்கள். முதல் கொடுப்பனவு கைக்கு வரும்வரையான செலவுக்கும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள். மற்றையது, அரச பல்கலைக்கழக இடம் தவறினாலும் வழி அடைபடுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017 இலிருந்து வட்டியில்லா மாணவர் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. வட்டிக்கு அஞ்சும் எமது பெற்றோர் இதை அறிவது அவசியம். எனினும் அது கடன். மகாபொல போலன்றித் திருப்பிச் செலுத்த வேண்டும்.

சகோதரிகளே, "வசதியில்ல" என்ற சொல்லுக்கு அழுகை பதிலாகாது. எழுதிய கணக்கோடு உம்மா வாப்பாவிடம் உட்கார்ந்து பேசுவோம். உரிமையைத் தெரிந்தவளின் பேச்சுக்கு வீட்டிலும் காது கொடுப்பார்கள்.