சபையில் சொல்லப்படாத நன்றிகள்

எந்தப் பாடசாலை விழாவின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தாலும் முதலில் கிராஅத் இருக்கும். கடைசியில் நன்றியுரையும் ஸலவாத்தும் இருக்கும். நன்றியுரை தொடங்கும்போது பின்வரிசைப் பெற்றோர் எழும்பத் தொடங்கிவிடுவார்கள். அதிபர், பிரதி அதிபர், பிரதம அதிதி, அனுசரணையாளர்கள் என்று பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். இறுதியில் "நேரடியாகவும் மறைமுகமாகவும் உதவிய அனைவருக்கும்" என்று ஒரு வசனம் வரும். மண்டபத்தைக் கூட்டியவர், தேநீர் ஊற்றியவர், விடியும் வரை இருந்து உடை தைத்துக் கொடுத்த தாய்மார் எல்லோரும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடுவார்கள்.

வீரகேசரி, தினகரன் போன்ற நாளிதழ்களில் வெளிவரும் நன்றி நவிலல் அறிவித்தல்களிலும் இதே நிலைதான். தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நெருங்கும்போது அவருடைய படத்துடன் அந்த அறிவித்தல் வரும். நேரில் வந்தோருக்கும், தொலைபேசியில் ஆறுதல் சொன்னோருக்கும், மலர்வளையம் வைத்தோருக்கும் அதில் நன்றி கூறப்படும். அது நல்ல வழக்கமே. ஆனால் இறந்தவர் படுக்கையில் கிடந்த மாதங்களில் அவருக்குக் கஞ்சி பருக்கியவர் யார், உடம்பு துடைத்தவர் யார் என்பதை அந்த அறிவித்தலில் காண்பது அரிது.

சிறிய ஊர்களில் வாழும் நாம் அயலவருக்கும் பராமரித்தவருக்கும் பலர் அறிய நன்றி சொல்வது அவசியமா? அவசியமென்றால் எப்படிச் சொல்வது? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் ஆராய்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். திருக்குறளின் 11ஆவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். இன்று 'நன்றி' என்றால் வாயால் சொல்லும் ஒரு வார்த்தை என்றே நினைக்கிறோம். அதிகாரத் தலைப்பில் அச்சொல்லுக்குப் பொருள் அதுவல்ல. அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. செய்ந்நன்றி அறிதல் என்றால் செய்யப்பட்ட நன்மையை அறிந்து மறவாதிருத்தல். என்ன செய்தார், எந்த நேரத்தில் செய்தார், எதையும் எதிர்பாராமல் செய்தாரா என்று உதவியைப் பல பக்கமிருந்தும் எடைபோடச் சொல்லித் தருகிறது அந்த அதிகாரம். உதவி இன்னதென்று அறியாமல் சொல்லப்படும் நன்றி அந்தப் பொருளில் பாதி நன்றிதான்.

அரபு மொழியிலும் இதற்கு நெருங்கிய கருத்து உண்டு. நன்றி செலுத்துவதைக் குறிக்கும் 'ஷுக்ர்' என்ற சொல்லுக்கு எதிராகத் திருக்குர்ஆனில் 'குஃப்ர்' என்ற சொல் வருகிறது. அதன் வேர்ப்பொருள் மூடுதல். விதையை மண்ணால் மூடுகின்ற விவசாயியையும் அதே வேரிலிருந்து பிறந்த சொல்லால் குறிப்பதுண்டு. வயல் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். மண்ணில் மூடிய விதை முளைக்கும். மூடி மறைத்த உதவியோ மறதியில்தான் போய்ச் சேரும்.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். ஜாபிர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் இன்னொரு நபிமொழி அவ்வளவாக எடுத்துச் சொல்லப்படுவதில்லை. ஒன்றைப் பெற்றவர் வசதியிருந்தால் ஈடு செய்ய வேண்டும். வசதியில்லையென்றால் கொடுத்தவரைப் புகழ்ந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தவர் நன்றி மறந்தவராவார் என்பது அதன் கருத்து. ஆகவே பிறர் அறியச் சொல்வது வெறும் மரியாதை மட்டுமன்று. கைம்மாறு செய்ய வசதியில்லாத ஏழையும் தன் நன்றிக்கடனைத் தீர்ப்பதற்கு மார்க்கம் காட்டிய வழி அது.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். திருக்குர்ஆனின் 76ஆவது அத்தியாயம் நல்லோரைப் பற்றிச் சொல்லும்போது, அவர்கள் இறைவனுக்காகவே உணவளிக்கிறார்கள், கைம்மாறையோ நன்றியையோ எதிர்பார்ப்பதில்லை என்கிறது. அப்படியானால் நன்றி சொல்லத் தேவையில்லையா? அந்த வசனம் கொடுப்பவரின் மனத்தைப் பற்றியது. நபிமொழியோ பெறுபவரின் நாவைப் பற்றியது. எதிர்பாராதிருப்பது ஒருவர் கடமை, மறவாதிருப்பது மற்றவர் கடமை. இன்று இவை இரண்டும் சில இடங்களில் தலைகீழாகிவிட்டன. உலருணவுப் பொதியைக் கொடுப்பவர் படம் பிடித்து முகநூலில் போடுகிறார். வாங்குபவர் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தை வீணாக்க வேண்டாம் என்று சூரத்துல் பகரா எச்சரிப்பது இதைத்தான்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர் மையித்தின் உறவினர் ஒருவர் எழுந்து, இவர் யாருக்காவது கடன் பட்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பேற்கிறோம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். ஊரே கூடியிருக்கும் இடத்தில் பணக்கடனுக்குப் பொறுப்பேற்கிறோம். தமிழில் நன்றியையும் கடன் என்றே சொல்கிறோம். ஆனால் அந்தக் கடனுக்குச் சபையில் இடமில்லை. இரவிரவாகக் கண்விழித்தவருக்கும், மூன்று நாட்கள் சோறு அனுப்பிய வீட்டுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்று யாரும் எழுந்து சொல்வதில்லை. ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் ஜஃபர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவருடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் பணித்தார்கள். மையித்து வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டுபோகும் நமது வழக்கத்தின் வேர் இதுதான்.

அப்படியிருந்தும் நாம் ஏன் வாய்திறந்து நன்றி சொல்வதில்லை? அதற்கு நன்றிகெட்டதனம் காரணமன்று. நமது பிரதேசத்தின் குடும்ப அமைப்பே ஒரு காரணம். கிழக்குக் கரையில் தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் தாய்வழிக் குடிமுறை இருந்து வருகிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். 1969ஆம் ஆண்டிலிருந்து அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இதனால் பக்கத்து வளவில் இருப்பவர் பெரும்பாலும் உம்மாவின் சகோதரியாகவோ சாச்சியின் மகளாகவோ இருப்பார். அயலும் உறவும் ஒன்றாகிவிட்ட இடத்தில் 'நன்றி' என்ற சொல் அந்நியமாகத் தெரிகிறது.

எங்கள் உம்மம்மா பாரிசவாதத்தால் ஒரு வருடத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தார். பக்கத்து வளவு ராத்தா ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு வந்து, உம்மாவோடு சேர்ந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார். முதுகில் படுக்கைப்புண் வராமல் இருந்ததற்கு அதுவே காரணமென்று தாதி சொன்னார். அவவுக்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "பிறத்தியாக்கள் மாதிரி நினைச்சிட்டாங்க எண்டு கோவிப்பா, மகள்" என்றார். பெருநாள் அன்று எங்கள் வீட்டிலிருந்து போகும் முதல் சஹன் அந்த ராத்தாவின் வீட்டுக்குத்தான் போகிறது. அதுவும் நன்றிதான், ஆயிரம் வார்த்தைகளை விடப் பெரிய நன்றி. ஆனால் அது இரண்டு வீடுகளுக்கு மட்டுமே தெரிந்த நன்றி. அந்த ஒழுங்கையில் வளரும் பிள்ளைகள், நோயாளியைப் பராமரிப்பது ஊர் மெச்சும் ஒரு செயல் என்பதை எங்கிருந்து கற்றுக்கொள்வார்கள்?

பெரும்பாலும் இப்படி மறைந்துபோவது பெண்களின் உழைப்பே. மையித்தான பெண்களைக் குளிப்பாட்டிக் கபனிடுகின்ற தாய்மாரை எண்ணிப் பாருங்கள். நடு இரவில் அழைத்தாலும் வருகிறார்கள். அவர்களுக்கு ஊரில் ஒரு பாராட்டு நிகழ்வு நடந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? பிள்ளை பிறப்பதற்கு முன்னும் பின்னும் வெயிலில் வீடு வீடாக ஏறியிறங்கும் குடும்பநல உத்தியோகத்தர், வைத்தியசாலை விடுதியில் நோயாளியின் மலசல கோப்பையைக் கழுவும் சிற்றூழியர் ஆகியோரையும் இதே வரிசையில் வைக்கலாம். அவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். சம்பளம் வேலைக்குத்தான். முகம் சுளிக்காமல் செய்வதற்குச் சம்பளப் பட்டியலில் நிரல் இல்லை.

நமது கல்முனையை உலகம் அறிந்துகொண்ட ஒரு சம்பவத்திலும் இதைக் காணலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி நாளில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்ட ஓர் ஆண் குழந்தை கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அன்று 81ஆவதாக அனுமதிக்கப்பட்டதால் அதற்கு '81ஆம் இலக்கக் குழந்தை' என்றே பெயர் வந்தது. பெற்றோர் யார் என்ற வழக்கு நீதிமன்றம் சென்று, மரபணுப் பரிசோதனையின் பின்னர் 2005 பெப்ரவரியில் குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் கேட்டது யாருடைய குழந்தை என்ற கேள்வியைத்தான். ஏறத்தாழ ஏழு வாரங்கள் அந்தக் குழந்தைக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, அழும்போது தூக்கி வைத்திருந்த தாதியர் யார் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை.

அதே சுனாமி இந்த மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மருதமுனை முதல் பொத்துவில் வரையான கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. கடல் எந்த ஊரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு கட்டப்பட்ட வீட்டுத்திட்டங்களில் நிதி கொடுத்த நிறுவனங்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. முதல் நாள் கதவு திறந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

எங்கள் வாப்பா அப்போது மீன் வியாபாரத்தில் இருந்தார். அன்று காலை விநாயகபுரத்துக்கு மீன் எடுக்கப் போயிருந்தார். கடல் வந்ததும் மேற்குப் பக்கமாக ஓடியவரை, முன்பின் தெரியாத ஒரு தமிழ் அம்மா வீட்டுக்குள் எடுத்தார். உலர்ந்த சாரம் ஒன்றும் தண்ணீரும் கொடுத்தார். பகலுக்குச் சோறும் போட்டார். "உங்கட ஆக்களும் தேடுவாங்க, பாதை சரி வந்ததும் போங்க தம்பி" என்றாராம். அந்த அம்மாவின் சொந்தத்திலும் ஆட்களைக் காணாமல் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வாப்பா இந்தக் கதையை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வெளியே சொல்லி நான் கேட்டதில்லை.

இக்கட்டுரை சொல்ல வந்தது இதைத்தான். போர்க்காலத்தில் இரு சமூகங்களும் ஒருவரால் ஒருவர் பட்ட துன்பங்கள் மேடைகளில் சொல்லப்படுகின்றன, பத்திரிகைகளில் எழுதப்படுகின்றன. அவை சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் ஒருவரால் ஒருவர் பெற்ற உதவிகளை நாம் அடுக்களையில் மட்டும் சொல்கிறோம். அடுத்த தலைமுறைக்குச் சபையில் சொன்னதுதான் சரித்திரமாகிறது. அடுக்களையில் சொன்னது சொன்னவரோடு போய்விடுகிறது. பகிரங்கமாகச் சொல்லப்படாத நன்றியால் நட்டமடைவது உதவி செய்தவர் அல்லர். அந்தக் கதை தெரியாமல் வளரும் நாம்தான்.

எப்படிச் சொல்வது? எனக்குப் பட்ட சில ஒழுங்குகளை எழுதுகிறேன்.

செயலைச் சொல்ல வேண்டும். "பல வழிகளிலும் உதவிய அயலவருக்கு நன்றி" என்பதை விட, "எங்கள் உம்மம்மாவை ஒரு வருடத்துக்கு மேல் தினமும் வந்து புரட்டிப் படுக்கவைத்த அயல் வீட்டுச் சகோதரிக்கு ஜஸாக்கல்லாஹு கைரா" என்பது உண்மையான நன்றி. வாசிப்பவர் தாமும் அப்படிச் செய்யலாம் என்று நினைப்பார்.

அனுமதி கேட்க வேண்டும். பெயரோ படமோ வெளிவருவதைப் பல பெண்கள் விரும்பமாட்டார்கள். அப்படியானால் பெயரை விட்டுவிட்டுச் செயலை மட்டும் எழுதலாம். நோயாளியின் மானத்தைக் குறைக்கும் விபரங்களையும் தவிர்க்க வேண்டும்.

நன்றியைக் குத்தலாக்கக் கூடாது. சொந்தங்கள் எட்டிப்பார்க்கவில்லை, அயலவர்தான் வந்தார்கள் என்று எழுதினால், அதில் நன்றியை விடக் கோபமே கூடுதலாகத் தெரியும்.

உயிரோடு இருக்கும்போதே சொல்ல வேண்டும். இரங்கலுரையில் சொல்லும் நன்றி உரியவரின் காதில் விழாது.

இதற்குப் பெரிய செலவில்லை. ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஓர் அறிவித்தல், பாடசாலைக் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம், வைத்தியசாலைப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம், இதுபோன்ற சஞ்சிகையில் ஒரு பக்கம் போதும். தோழியரே, உங்கள் வீட்டில் மட்டும் சொல்லப்படும் ஓர் உதவிக் கதையை இந்த விடுமுறையில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

என் பங்குக்கு நான் இங்கே சொல்கிறேன். 2004ஆம் ஆண்டு மார்கழியில், விநாயகபுரத்தில், நனைந்து வந்த ஒரு முஸ்லிம் இளைஞனுக்குச் சாரமும் சோறும் கொடுத்த அம்மாவுக்கு, அவருடைய மகள் நன்றி சொல்கிறேன். நீங்கள் எங்கிருந்தாலும் இறைவன் உங்களை நலமாக வைத்திருப்பானாக.