கடை விளக்கும் கரண்டு கணக்கும்

துவரம்பருப்பு மூட்டையில் அரைக் கிலோ குறைந்தால் உடனே மண்டிக்குத் தகவல் சொல்லி விடுகிறோம். லாரி வாடகையில் 20 ரூபாய் கூடினால் நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணத்தை மட்டும் “வந்தது வந்தபடி” கட்டி விடுகிறோம். எந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் தின்றது என்று கேட்பதில்லை. நம் திருவேங்கடம் பஜாரில் மட்டுமல்ல, சங்கரன்கோவில், தென்காசி என்று எங்கே கேட்டாலும் வியாபாரிகளின் பதில் ஏறத்தாழ இதுதான். ஆகவே இந்த மாதப் பாடமாக மின்சாரக் கணக்கை எடுத்துக் கொள்வோம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வாட் என்பது என்ன, யூனிட் என்பது என்ன?

வாட் என்பது ஒரு பொருள் எவ்வளவு வேகத்தில் மின்சாரம் எடுக்கிறது என்பதைக் காட்டும். யூனிட் என்பது மொத்தம் எடுத்த அளவு. எண்ணெய் டின்னில் குழாயின் பருமன் வாட் என்றால், குழாயைத் திறந்து வைத்த நேரத்தில் வெளியே வந்த எண்ணெய்தான் யூனிட். சிறிய குழாயானாலும் இரவு பகலாகத் திறந்து கிடந்தால் டின் காலியாகி விடும்.

கணக்கு இதுதான்: வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் யூனிட். 60 வாட் குண்டு பல்பு தினம் 10 மணி நேரம் எரிந்தால் 600, அதாவது 0.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு, 60 நாளுக்கு, 36 யூனிட். அதே அளவு வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே நேரம் எரிந்தால் 5.4 யூனிட்தான்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? குண்டு பல்பில் உள்ள டங்ஸ்டன் கம்பி பழுக்கக் காய்ந்துதான் வெளிச்சம் தருகிறது. எடுக்கும் மின்சாரத்தில் மிகச் சிறு பங்குதான் வெளிச்சமாகிறது. மீதி எல்லாம் சூடு. எரியும் பல்பைக் கையால் தொட முடியாததற்குக் காரணம் இதுவே. காசு கொடுத்துச் சூட்டை வாங்கி, அந்தச் சூட்டைப் போக்க இன்னொரு காசு கொடுத்து மின்விசிறி ஓட்டுகிறோம்.

ஒரு மளிகைக் கடையின் கணக்கு

பழைய 40 வாட் டியூப்லைட் நான்கு உள்ள ஒரு கடையை எடுத்துக் கொள்வோம். டியூப் 40 வாட் என்றாலும், செப்புக் கம்பி சோக்கு தன் பங்குக்கு 12 வாட் அளவுக்கு எடுக்கும். ஆக ஒன்றுக்கு 52 வாட். நான்கும் தினம் 10 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் சுமார் 125 யூனிட்.

அடுத்து, சுவாமி படத்துக்கு மேலே இரவும் பகலும் எரியும் சிவப்பு விளக்கு. “ஜீரோ வாட் பல்பு” என்று பெயர் வைத்து விட்டார்களே தவிர, பழைய கம்பி பல்பாக இருந்தால் அது 15 வாட் வரை எடுக்கும். 24 மணி நேரமும் எரிந்தால் 60 நாளில் 21.6, அதாவது 22 யூனிட். 75 வாட் மின்விசிறி ஒன்று தினம் 10 மணி நேரம் ஓடினால் 45 யூனிட். மொத்தம் 192 யூனிட்.

இப்போது டியூப்களை 20 வாட் எல்.இ.டி. ஆக மாற்றினால் 125 என்பது 48 ஆகும். சுவாமி விளக்கை அரை வாட் எல்.இ.டி. ஆக மாற்றினால் 22 என்பது 1 யூனிட்டுக்குள் அடங்கும். விசிறி அப்படியே ஓடட்டும். மொத்தம் 94 யூனிட். வெளிச்சம் குறையவில்லை, சுவாமிக்கும் விளக்குக் குறை வைக்கவில்லை.

192க்கும் 94க்கும் நடுவே 100 என்ற வரப்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். 2022 செப்டம்பரில் அமலான கட்டண முறையில் சிறு கடைகளின் இணைப்புக்கு இரண்டு மாதத்தில் 100 யூனிட் வரை ஒரு விலை. அதைத் தாண்டினால் கூடிய விலை. ஆகவே மிச்சப்படும் 98 யூனிட்டோடு, விலைப் படியும் இறங்குகிறது.

இதை நம் பாஷையில் சொல்வோம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டாலும் 98 யூனிட்டுக்கு 784 ரூபாய். நூற்றுக்கு 5 ரூபாய் லாபம் நிற்கும் வியாபாரத்தில் 784 ரூபாய் சம்பாதிக்க 15,680 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். அதிலும் கடன் நிற்காமல் வசூலாக வேண்டும்!

எதை முதலில் மாற்றுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. குடோனில் தினம் 10 நிமிடம் மட்டும் போடும் 60 வாட் குண்டு பல்பு இரண்டு மாதத்துக்கு 0.6 யூனிட்தான் எடுக்கிறது. அது ப்யூஸ் போகும் வரை இருந்து விட்டுப் போகட்டும். அதிக நேரம் எரிவது எதுவோ அதை முதலில் மாற்ற வேண்டும். பெட்டியில் எழுதிய வாட்டை மட்டும் பார்க்காமல் எரியும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் கணக்கு அறிந்தவர்.

மீட்டரையே சாட்சியாக வைத்தும் சோதிக்கலாம். மின்னணு மீட்டரில் சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். மீட்டரின் முகப்பில் “3200” என்று போட்டிருந்தால், 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட். 60 வாட் பல்பு மட்டும் எரிந்தால் சுமார் 19 விநாடிக்கு ஒரு முறை சிமிட்டும். 9 வாட் பல்பு மட்டும் எரிந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறைதான். இரவு கடையைப் பூட்டுமுன் எல்லா சுவிட்சையும் அணைத்து விட்டுப் பாருங்கள். அப்போதும் சிமிட்டிக் கொண்டே இருந்தால் எங்கோ ஒன்று ஓடுகிறது, அல்லது வயரிங்கில் கசிவு இருக்கிறது. உடனே எலக்ட்ரீஷியனை அழைப்பது பணத்துக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

பல்பு விற்பவர்களாகவும் நாம்

நம்மில் பலர் பல்பும் விற்கிறோம். 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. மொத்தக் கொள்முதலில் 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. விலை இறங்கியதும் பெயர் தெரியாத சரக்கும் சந்தைக்குள் நுழைந்து விட்டது. வாங்கும்போது பெட்டியில் பி.ஐ.எஸ். தர நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா, வாட்டோடு லூமன் என்ற வெளிச்ச அளவும் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல 9 வாட் பல்பு 800 முதல் 900 லூமன் வரை தரும். மூன்று மாதத்தில் மங்கும் பல்பை விற்றால், பல்பு மட்டுமல்ல, வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கையும் மங்கும்.

ஓர் எச்சரிக்கை

வீட்டின் முன்னறையில் கடை வைத்திருப்பவர்கள் வீட்டு இணைப்பிலிருந்தே வயர் இழுப்பது உண்டு. வீட்டுக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகையைக் கடைக்கும் திருப்பி விடலாம் என்ற எண்ணம். அனுமதி பெற்ற காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கடைக்குத் தனி இணைப்பு வாங்கி, மேலே சொன்னபடி 100க்குள் அடக்குவதே நிம்மதியான வழி.

இன்றிரவு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடையில் உள்ள ஒவ்வொரு விளக்கையும் எழுதி, வாட்டையும் மணி நேரத்தையும் எதிரே குறித்துப் பெருக்கிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. எந்த விளக்கு வெளிச்சம் தருகிறது, எந்த விளக்கு கல்லாவில் கை வைக்கிறது என்று அந்தப் பக்கமே சொல்லி விடும்.