ஆமை விதைத்த கருங்காலி

கேள்வி: அழிந்துபோன விலங்குக்குப் பதிலாக வெளியூர் விலங்கைக் கொண்டுவந்து விடுவது சரியா?

பதில்: எல்லா இடத்திலும் சரிவராது. மொரீஷியஸை ஒட்டிய ஈல் ஓ எக்ரெத் என்ற 26 ஹெக்டேர் குட்டித் தீவில் பலித்தது. அங்கே ஒருவகைக் கருங்காலியின் பழங்கள் தாய்மரத்தடியிலேயே விழுந்து வீணாயின. அவற்றைத் தின்று விதை பரப்பிய ராட்சத ஆமைகளை மாலுமிகள் கறிக்காகப் பிடித்து ஒழித்திருந்தார்கள். 2000-இல் அல்டாப்ரா தீவு ஆமைகளைக் கொண்டுவந்தார்கள். அவை பழத்தை விழுங்கி, ஆடி அசைந்து நடந்து, தூரத்தில் சாணத்தோடு கொட்டையைப் போட்டன. வயிற்றுக்குள் போய் வந்த கொட்டை இன்னும் நன்றாக முளைத்தது!

ஆமையில் ஒரு சௌகரியம்: தொல்லை கொடுத்தால் பிடித்துவிடலாம், எங்கே ஓடப்போகிறது? எலியை ஒழிக்க மொரீஷியஸில் விட்ட கீரி அப்படியில்லை. பறவைகளையும் சேர்த்துத் தின்றது. இன்றும் அங்கே பொறி வைத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.